அடைத்த மூக்கு திறந்தபாடில்லை: குழந்தைகளின் நாள்பட்ட மூக்கடைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு நான்கு வயது முடிகிற சமயம். அவன் வாயை மூடிக்கொண்டு தூங்கி நான் எப்போது பார்த்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. "வெறும் சளிதான், தானாகச் சரியாகிவிடும்" என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினோம். சரியாகவில்லை. பிரச்சினை சளியே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் படித்தது, மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது, இப்போது மற்ற பெற்றோர் என்னிடம் கேட்பது எல்லாம் சேர்ந்து இந்தக் கேள்வி பதில். நான் மருத்துவர் இல்லை. உங்கள் குழந்தையை நேரில் பார்க்கிற மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள்.

எத்தனை நாள் அடைத்திருந்தால் "நாள்பட்டது" என்று கணக்கு?

சாதாரண ஜலதோஷம் மூன்றாம், நான்காம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கி, 10 முதல் 14 நாட்களுக்குள் ஓய்ந்துவிடும். பத்து நாளாகியும் துளிகூடக் குறையவில்லை என்றாலோ, குறைந்து வந்தது திடீரென்று காய்ச்சலோடு மறுபடி ஏறினாலோ சைனஸ் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை) தொற்றா என்று மருத்துவர் யோசிப்பார். 12 வாரத்தைத் தாண்டினால் நாள்பட்டது என்பது மருத்துவ உலகின் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு 6 முதல் 8 தடவை ஜலதோஷம் வருவது இயல்பு. பள்ளிக்கோ காப்பகத்துக்கோ போக ஆரம்பித்த முதல் வருடத்தில் இன்னும் கூடலாம். எட்டுத் தடவை, தடவைக்கு 12 நாள் என்று வைத்துக்கொண்டாலே 96 நாள். அதில் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் நெருக்கியடித்து வந்தால், "நாலு மாதமாக மூக்கு அடைத்தே இருக்கிறது" என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக வந்த நான்கைந்து ஜலதோஷமாக இருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நாட்காட்டி போதும். மூக்கு நன்றாகத் திறந்திருக்கிற நாளை மட்டும் வட்டமிடுங்கள். நடுநடுவே வட்டங்கள் விழுந்தால் அவை தனித்தனி ஜலதோஷங்கள். இரண்டு மாதத்தில் ஒரு வட்டம்கூட இல்லையென்றால் விஷயம் வேறு. நாங்கள் இதைச் செய்தபோது ஆறு வாரத்தில் ஒரே ஒரு வட்டம் விழுந்தது. அதுவும் நான் ஆசைப்பட்டுப் போட்டது.

அடைப்பு என்றால் உள்ளே சளி நிறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. நாங்கள் தடுக்கி விழுந்த இடமே இதுதான்.

மூக்கின் பக்கச் சுவர்களில் டர்பினேட் என்கிற மடிப்புகள் இருக்கின்றன. உள்ளே எலும்பு, மேலே ரத்தக்குழாய்கள் நிறைந்த பஞ்சு போன்ற சதை. உள்ளே போகிற காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது இவற்றின் வேலை. கிருமியோ தூசியோ உறுத்தினால் இந்தச் சதையில் ரத்தம் கூடி வீங்கிவிடும். குழந்தையின் மூக்குப் பாதை முதலிலேயே குறுகல், அதில் கொஞ்சம் வீங்கினாலும் வழி அடைபட்டுவிடும். அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும், எவ்வளவு உறிஞ்சி எடுத்தாலும் சில குழந்தைகளுக்கு மூக்கு திறப்பதில்லை. அங்கே எடுப்பதற்குச் சளியே இல்லை, இருப்பது வீக்கம்.

ஒரு பக்கம் அடைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் அடைப்பதும் இந்தச் சதையின் வேலையே. நல்ல ஆரோக்கியமான மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரு பக்கமும் மாறி மாறி வீங்கி வடியும். ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். சாதாரண நாளில் இது நமக்குத் தெரியாது, ஜலதோஷம் பிடித்தால் தெரியும். படுத்தால் அடைப்பு கூடுவதும், தலைப்பக்கம் ரத்தம் தேங்கி அதே சதை வீங்குவதால்தான்.

ஆகவே "சளியை எப்படி வெளியேற்றுவது?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "வழியை எது அடைக்கிறது?". வீங்கிய சதையா, மூக்குக்குப் பின்னால் வளர்ந்த அடினாய்டா, குழந்தை உள்ளே போட்டுக்கொண்ட ஏதாவது பொருளா, பிறவியிலேயே குறுகலான பாதையா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்க முடியுமா?

ஊகிக்கலாம். தும்மல், மூக்கு அரிப்பு, கண் அரிப்பு, தண்ணீர் போல ஒழுகல் இருந்தால் அலர்ஜி. அரிப்பே இல்லை, ஆனால் ராத்திரியில் குறட்டை, எப்போதும் திறந்த வாய் என்றால் அடினாய்டு. ஒரே ஒரு பக்கம் நாற்றத்தோடு ஒழுகினால், உள்ளே ஏதோ பொருள் சிக்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து ஒரு நாள் விடாமல் மூக்கு ஒழுகி, கூடவே சளி இருமலும் இருந்தால் அபூர்வமான பிறவிக் கோளாறுகளையும் சோதிக்க வேண்டும். சளியை நகர்த்தும் நுண்ணிய மயிரிழைகள் சரியாக வேலை செய்யாத நோய் அவற்றில் ஒன்று. சிறு குழந்தையின் மூக்கில் பாலிப் என்கிற சதைத் தொங்கல் தெரிந்தால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி மிகக் கெட்டியாகிவிடும் பரம்பரை நோய்) இருக்கிறதா என்று வியர்வைப் பரிசோதனை செய்வார்கள்.

காற்று வருகிறதா என்று பார்க்க ஒரு ஸ்டீல் ஸ்பூன் போதும். குழந்தை வாயை மூடியிருக்கும்போது குளிர்ந்த ஸ்பூனை மூக்குக்குக் கீழே பிடியுங்கள். இரண்டு துவாரத்துக்கும் நேராக ஆவி படிந்தால் காற்று வருகிறது. ஒரு பக்கம் படியவே இல்லையென்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடினாய்டு என்பது என்ன? டான்சில்தானா?

டான்சிலின் உறவுக்காரன். டான்சில் தொண்டையில் இருப்பதால் வாயைத் திறந்தால் தெரியும். அடினாய்டு மூக்கும் தொண்டையும் சேருகிற இடத்தில், உள்நாக்குக்கு மேலே ஒளிந்திருக்கும். டார்ச் அடித்தாலும் தெரியாது. கிருமிகளை அடையாளம் கண்டுகொள்கிற சதை அது. எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரை பெரிதாகி, பிறகு சுருங்கி, பதின்ம வயதில் ஏறக்குறைய மறைந்துவிடும். அடிக்கடி தொற்று வருகிற குழந்தைக்கு அது வீங்கி, மூக்கின் பின்வாசலையே அடைத்துக்கொள்ளும். முன்னால் என்ன மருந்து ஊற்றினாலும் பின்வாசல் மூடியிருந்தால் என்ன பயன்?

முதலில் மாறுவது குரல். ம, ன, ண எல்லாம் மூக்கால் வருகிற எழுத்துகள். மூக்கில் காற்று போகாவிட்டால் ம என்பது ப ஆகும், ண என்பது ட ஆகும். 'மணி' என்றால் 'படி' என்று கேட்கும். என் மகன் ராத்திரி எழுந்து 'அம்மா' என்று கூப்பிடுவது 'அப்பா' மாதிரியே இருக்கும். என் கணவர் எழுந்து போவார், அவன் கோபத்தில் அழுவான். செல்லம் அப்பாவிடம் கூடிவிட்டது என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அதுவே அறிகுறி என்று அப்போது உறைக்கவில்லை.

இதையே ஒரு சோதனையாகவும் செய்யலாம். குழந்தையை வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுக்கச் சொல்லுங்கள். நடுவில் மூக்கைப் பிடித்தால் சத்தம் சட்டென்று நிற்க வேண்டும். மூக்கு முழுக்க அடைபட்ட குழந்தையால் "ம்ம்ம்" என்று இழுக்கவே முடியாது, உடனே வாயைத் திறந்துவிடும்.

அடினாய்டுக்குப் பக்கத்தில்தான் நடுக்காதுக்குக் காற்று கொண்டுபோகும் குழாயின் வாயும் இருக்கிறது. அது அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் பிசுபிசுப்பான நீர் தேங்கும். வலி இருக்காது. காது மந்தமாகும். டிவி சத்தத்தைக் கூட்டுகிற, ஒரு தடவை சொன்னால் திரும்பாத குழந்தையை "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று திட்டுவதற்கு முன், காதைச் சோதித்துவிடுங்கள்.

குழந்தை குறட்டை விடுவது சாதாரணம்தானே?

ஜலதோஷ நாட்களில் சாதாரணம். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், ஜலதோஷம் இல்லாதபோதும் குறட்டை விட்டால் கவனிக்க வேண்டும். குறட்டையைவிட, குறட்டை நிற்கிற இடம்தான் முக்கியம். நெஞ்சு ஏறி இறங்கும், சத்தம் வராது. சில விநாடி கழித்துத் தூக்கிவாரிப் போட்டது போல ஒரு பெருமூச்சு. இதற்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் என்று பெயர். குழந்தைகளில் 1 முதல் 5 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்பது கணக்கு. தலையைப் பின்னால் வளைத்துத் தூங்குவது, தலையணை நனைய வியர்ப்பது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவது, காலையில் தலைவலி ஆகியவை இதன் துணை அறிகுறிகள். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் பகலில் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் நேர்மாறாக ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளி, சிடுசிடுத்து, கவனம் சிதறி நிற்பார்கள்.

தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தும், விடியற்காலையிலும் இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். மேல்சட்டையை விலக்கி, நெஞ்சும் முகமும் தெரிய, சத்தத்தோடு. நான் வாயால் விவரித்தபோது தலையாட்டிக்கொண்டிருந்த மருத்துவர், வீடியோவைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அலர்ஜி என்றால் எதனால்? எப்படிக் குறைப்பது?

வருடம் முழுக்க அடைப்பு என்றால் பெரும்பாலும் தூசி உண்ணி, செல்லப் பிராணிகளின் தோல் துகள், கரப்பான் பூச்சியின் கழிவு, பூஞ்சை. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் என்றால் மகரந்தம். அலர்ஜிக் குழந்தையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கும். அதைத் தூக்கமின்மை என்றோ சத்துக்குறைவு என்றோ நினைத்துக்கொள்வோம்.

தூசி உண்ணி கண்ணுக்குத் தெரியாத பூச்சி. நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். கடிக்காது. அதன் கழிவுதான் அலர்ஜியைக் கிளப்பும். அதற்கு ஈரப்பதம் வேண்டும், 50 சதவீதத்துக்குக் கீழே போனால் பிழைக்கத் திணறும். விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் சாகும். துணி பொம்மைகளை ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்து, பிறகு துவைக்கலாம். ஆனால் மெத்தைக்கு உறை போடுவது மட்டும், துவைப்பது மட்டும் என்று ஒன்றைச் செய்து பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். படுக்கையறையில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால்தான் கொஞ்சம் தெரியும்.

புகை மட்டும் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். பால்கனியில் நின்று சிகரெட் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையோடு உள்ளே வரும். புகை பட்ட மூக்கு எந்த மருந்துக்கும் சரியாக மசியாது.

மருந்தில், செடிரிசின், லோராடடின் போன்ற அதிகம் தூக்கம் வராத ஆன்டிஹிஸ்டமின்கள் தும்மலையும் அரிப்பையும் நன்றாக அடக்கும், அடைப்பை அவ்வளவாகத் திறக்காது. அடைப்புக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் முதல் மருந்து. மான்டெலுகாஸ்ட் என்ற அலர்ஜி, ஆஸ்துமா மருந்தை எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். சில குழந்தைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை சேர்த்திருக்கிறது. மருந்து ஆரம்பித்த பிறகு குழந்தையின் சுபாவம் மாறினால் உடனே சொல்ல வேண்டும்.

சளி பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாடிக் வேண்டாமா?

நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. கிருமியோடு சண்டை போட வருகிற வெள்ளை அணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அவை சளியில் கூடினால் சளி மஞ்சளாகும், பச்சையாகும். வைரஸ் ஜலதோஷத்திலும் மூன்றாம் நாளுக்கு மேல் அப்படித்தான் ஆகும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது.

பாக்டீரியா சைனஸ் என்று மருத்துவர் சந்தேகிப்பது நாள் கணக்கையும் போக்கையும் வைத்து. 10 நாளைத் தாண்டியும் குறையாதது, குறைந்து மறுபடி ஏறியது, அல்லது ஆரம்பத்திலேயே 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோடு கெட்டியான சளி மூன்று நாள் தொடர்வது.

ஒரே பக்கம் மட்டும் ஒழுகுகிறது, நாற்றமும் அடிக்கிறது. என்ன அது?

இரண்டு மூன்று வயதுக் குழந்தை என்றால் மணி, பருப்பு, பஞ்சு, கிரயான் துண்டு, ஸ்பாஞ்ச் என்று எதையாவது உள்ளே தள்ளியிருக்கும். வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருக்கும். நீங்கள் கிடுக்கியால் எடுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் உள்ளேதான் போகும். மருத்துவர் சில சமயம் உங்களையே ஊதச் சொல்வார். குழந்தையின் வாயோடு வாய் வைத்து, அடைபடாத பக்கத்து மூக்கை விரலால் மூடி, ஒரே ஊது. உள்ளே இருந்தது முன்னால் வந்து விழும்.

பட்டன் பேட்டரி அல்லது காந்தம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் மறுநாள் என்று தள்ளிப்போடக் கூடாது. ஈரம் பட்ட பேட்டரி சில மணி நேரத்திலேயே சதையை அரித்து, மூக்குத் தண்டில் ஓட்டை போட்டுவிடும். மூக்கில் எந்தச் சொட்டு மருந்தும் விடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் அடைப்பு, அதே பக்கம் அடிக்கடி ரத்தம் என்றால் இஎன்டி மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அபூர்வமான ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று அந்த வயதில் அப்படித்தான் தலைகாட்டும்.

பிறந்த குழந்தைக்கு மூக்கு கொரகொர என்கிறது. பயப்படணுமா?

பால் நன்றாகக் குடித்து, எடையும் ஏறினால் பெரும்பாலும் பயம் வேண்டாம். முதல் சில மாதம் குழந்தைகள் மூக்கால் மூச்சு விடவே பழகியிருப்பார்கள். அதனால் சின்ன அடைப்பும் பெரிய சத்தமாகக் கேட்கும். பாலூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு சொட்டு சலைன் (உப்புக் கரைசல்) விட்டு, தேவைப்பட்டால் மெதுவாக உறிஞ்சி எடுங்கள். உறிஞ்சுவதை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். உள்தோல் புண்ணாகி வீங்கினால் அதுவே அடைப்பாகிவிடும்.

சும்மா இருக்கும்போது நீலம் பாரித்து, அழும்போது சிவந்து தெளிகிற குழந்தையை உடனே காட்ட வேண்டும். மூக்கின் பின்வாசல் பிறவியிலேயே மூடியிருக்கலாம். அழும்போது வாய் வழியாகக் காற்று போவதால் நிறம் தெளியும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், மூக்கடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம்.

சலைன் உண்மையிலேயே வேலை செய்யுமா? எப்படி விடுவது?

செய்யும். இந்தப் பட்டியலில் ஏறக்குறைய பக்கவிளைவே இல்லாத ஒரே மருந்து அது. ஒட்டியிருக்கும் சளியையும் தூசியையும் கழுவும், வீக்கத்தையும் லேசாகக் குறைக்கும். மற்ற மூக்கு மருந்து போடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சலைன் விட்டால், மருந்து சளியின் மேல் விழாமல் சதையின் மேல் படும்.

கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புக் கரைசல் போதும். வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் நீருக்கு அயோடின் சேராத உப்பு 9 கிராம், எடை போட்டு. நீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும், கொதிக்க ஆரம்பித்து ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். குழாய் நீரை நேராக மூக்கில் விடவே கூடாது. நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுத்துவிடும். அபூர்வம்தான், ஆனால் தப்பிப் பிழைத்தவர்கள் மிகச் சிலர். மிச்சக் கரைசலை மறுநாளைக்கு வைக்க வேண்டாம், பாட்டிலைக் கழுவிக் காயவையுங்கள்.

நாலைந்து வயதுக்கு மேல் பிழிகிற பாட்டிலால் கழுவலாம். தொட்டிக்கு மேலே முன்னால் குனிந்து, வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லச் சொல்லிவிட்டு, மெதுவாகப் பிழிய வேண்டும். கரைசல் வெதுவெதுப்பாக இருந்தால் பாதி அழுகை குறையும். என் மகன் முதல் வாரம் வீட்டை இரண்டாக்கினான். பாட்டிலை அவன் கையில் கொடுத்து, முதலில் என் மூக்கில் அவனையே பிழியவிட்டேன். எனக்குப் புரையேறி நான் தும்மியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் தகராறே இல்லை.

ஆவி பிடிக்கலாமா? தைலம், எண்ணெய்?

குழந்தைக்கு ஆவி வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிற குழந்தைகள் எண்ணிக்கைக்கு முன்னால் அதன் பலன் ஒன்றுமே இல்லை.

மெந்தால் தைலம் தேய்த்தால் மூக்கு திறந்தது போல இருக்கும். திறந்திருக்காது. குளிர்ச்சியை உணரும் நரம்பை மெந்தால் தூண்டுவதால் காற்று நிறையப் போவதாக மூளை நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மெந்தாலோ கற்பூரமோ சேர்ந்த தைலம் கூடாது. கற்பூரம் வாயில் போனால் கொஞ்சமாக இருந்தாலும் வலிப்பு வரலாம், பெரிய பிள்ளைகள் இருக்கிற வீட்டிலும் டப்பா கைக்கெட்டாமல் இருக்கட்டும்.

எண்ணெய், எந்த எண்ணெயானாலும் சரி, மூக்கில் விட வேண்டாம். அது நழுவி நுரையீரலுக்குள் இறங்கினால் இருமல்கூட வராது, உள்ளேயே தங்கி எண்ணெய் நிமோனியா என்கிற அழற்சியை உண்டாக்கும்.

மூக்கு திறக்கும் சொட்டு மருந்து போட்டால் ஐந்து நிமிடத்தில் திறக்கிறதே, அதையே தொடரலாமா?

அதுதான் வம்பு. ஆக்ஸிமெட்டசோலின், ஸைலோமெட்டசோலின் வகைச் சொட்டுகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கி மூக்கை உடனே திறக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்பைவிட அதிகமாக வீங்கும். அதை அடக்க மறுபடி ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. நாள்பட்ட அடைப்புக்கு இந்த மருந்தே காரணமாகிப்போன குழந்தைகள் உண்டு. உங்கள் பிள்ளைக்கு வாரக்கணக்கில் போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்துவதற்கு வழி இருக்கிறது.

சின்னக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் போடவே வேண்டாம். விளையாட்டாகக் குடித்துவிட்டால் சில மில்லிலிட்டரிலேயே மயக்கமும், இதயத் துடிப்பும் மூச்சும் குறைவதும் நடக்கும்.

சளி சிரப்?

நாலு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பதே பல நாட்டு மருத்துவர்களின் பொதுக் கருத்து. பலன் இல்லை, பக்கவிளைவு உண்டு. பல சிரப்புகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின் வாய்வழியாகக் கொடுத்தால் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு ஸ்பிரே என்றதும் பயமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. எழுதிக்கொடுத்த சீட்டு பத்து நாள் அலமாரியிலேயே கிடந்தது. மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற இன்றைய ஸ்பிரேக்கள் மூக்கிலேயே வேலை செய்து முடிப்பவை, ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். வாய்வழி ஸ்டீராய்டோடு ஒப்பிடவே முடியாது. சில வகைகள் இரண்டு வயதிலிருந்தே தரப்படுகின்றன. உயரத்தைப் பற்றிய கவலை முழுக்க ஆதாரமற்றது அல்ல. பெக்லோமெத்தசோன் போன்ற பழைய வகையை ஒரு வருடம் தொடர்ந்து போட்ட குழந்தைகளில் வளர்ச்சி சற்றுக் குறைந்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பித்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டே வருவார்கள்.

"போட்டோம், கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் பலர் போட்ட விதம்தான் தப்பு. ஒன்று, இது உடனே திறக்காது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும், தினமும் போட வேண்டும். இரண்டு, மூக்கின் நடுத்தண்டை நோக்கி அடித்தால் மருந்து அங்கேயே வழிந்து, தோல் காய்ந்து, ரத்தம் வரும். குழந்தையின் தலை லேசாக முன்னால் குனிந்திருக்கட்டும். ஸ்பிரே முனை அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்க வேண்டும். வலது மூக்குக்கு வலது காது. தானே போட்டுக்கொள்ளும் பிள்ளை வலது மூக்குக்கு இடது கையும், இடது மூக்குக்கு வலது கையும் பயன்படுத்தினால் கோணம் தானாகச் சரியாகும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சக் கூடாது, மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

பால் கொடுத்தால் சளி கட்டுமா?

கட்டாது. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும், அதைச் சளி என்று நினைக்கிறோம். பால் அலர்ஜி உள்ள குழந்தை என்றால் அது தனிக்கதை.

எக்ஸ்ரே, ஸ்கேன், அலர்ஜி டெஸ்ட் எல்லாம் தேவையா?

சாதாரண சைனஸ் சந்தேகத்துக்கு எக்ஸ்ரேயோ ஸ்கேனோ வேண்டாம். வெறும் ஜலதோஷத்திலும் சைனஸ் மங்கலாகத்தான் தெரியும். அதுவும் நெற்றி சைனஸ் ஏழெட்டு வயது வாக்கில்தான் ஓரளவு உருவாகியிருக்கும். நாலு வயதுக் குழந்தைக்கு நெற்றியைத் தட்டிப் பார்த்து "சைனஸ்" என்பதில் அர்த்தமில்லை. அடினாய்டைப் பார்க்கப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது மெல்லிய கேமராக் குழாயை மூக்கில் விட்டு நேரே பார்ப்பார்கள். என் மகனுக்குக் கேமராதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் பார்த்தபோது பின்வாசலில் ஒரு கீற்று இடைவெளிதான் இருந்தது.

அலர்ஜி டெஸ்ட், எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிய வேண்டியிருந்தாலோ, மருந்துக்கு அடங்காததால் மூன்று வருடம் தொடரும் அலர்ஜித் தடுப்பு சிகிச்சை தொடங்குவதாக இருந்தாலோ பயன்படும். டெஸ்டில் பாசிட்டிவ் என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

அடினாய்டுக்கு ஆபரேஷன் எப்போது?

மூச்சு தடைபடுவது உறுதியானால், மாதக்கணக்கில் காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைந்தால், அல்லது ஸ்பிரேயை ஒழுங்காக ஒன்றரை முதல் மூன்று மாதம் போட்டும் அடைப்பு மாறாவிட்டால். அறிகுறி லேசாக இருந்து, குழந்தைக்கு ஏழு வயதை நெருங்கினால் பொறுத்துப் பார்ப்பதும் நல்ல முடிவே, சதை தானாகச் சுருங்கும் காலம் அது.

அடினாய்டால்தான் மூக்கும் காதும் கெடுகிறது என்று 1868இல் முதலில் விளக்கி எழுதியவர் கோபன்ஹேகனில் இருந்த வில்ஹெல்ம் மேயர். இன்று முழு மயக்கத்தில், வாய் வழியாக, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஒரு வாரம் வாய் நாறும், கழுத்து கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ரத்தக்கசிவு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உள்நாக்கு பிளந்திருக்கிறதா, அண்ணத்தில் மறைவான பிளவு இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுவார்கள். அப்படியிருந்தால் அடினாய்டை முழுதாக எடுப்பது பேச்சைக் கெடுத்துவிடும். அபூர்வமாகச் சதை மறுபடி வளர்வதும் உண்டு. அலர்ஜியும் சேர்ந்திருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரே தொடரும், இதை முன்னாலேயே கேட்டுக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

கண் இமை வீங்கினால், கண் பிதுங்கினால், பார்வை இரட்டையானால் உடனே. சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவே காகிதம் போல மெல்லிய எலும்புதான். கடுமையான தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, எழுப்ப முடியாத மயக்கம் இருந்தாலும் அப்படியே. விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளிழுக்க மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் திணறினாலோ இரவென்று பார்க்க வேண்டாம். தலையில் அடிபட்ட பிறகு ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் அது சளியாக இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.

மருத்துவரிடம் என்ன கொண்டு போவது?

வட்டம் போட்ட நாட்காட்டி. தூக்கத்தில் எடுத்த வீடியோ. இதுவரை மூக்கில் போட்ட எல்லா மருந்துகளும், காலி டப்பாவாக இருந்தாலும் சரி, ஒரு பையில். பெயர் நினைவிருக்கும் என்று நம்ப வேண்டாம். "அந்த நீல மூடி போட்டது" என்று நான் சொன்னபோது மருத்துவர் நீல மூடி போட்ட மூன்று மருந்துகளைக் காட்டினார்.